மூன்றாவது அடுக்கு

"அக்கா, டீயைக் கம்ப்யூட்டர் பக்கத்துல வெக்காதீங்க!"

"த பாரு. நீ வந்து மூணு நாளாவுது. இந்த மேசைய நான் பதினோரு வருசமா தொடச்சினு கீறேன்."

அக்கா தினமும் செய்வதைச் செய்தாள். பதிவறையின் ஜன்னலைத் திறந்தாள். மேசையைத் துடைத்தாள். வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தாள். பிறகு டீயைக் குடித்தாள். மணி எட்டரை.

டீக்குப் பயந்த அன்புராஜுக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. கும்மிடிப்பூண்டியில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்காகச் சென்னை மென்பொருள் கம்பெனி ஒன்று அவனை அனுப்பியிருந்தது. ஊழியர் பட்டியலைத் திரையில் கிளை கிளையாகக் காட்ட வேண்டும். துறையைத் தட்டினால் பிரிவு, பிரிவைத் தட்டினால் பெயர். மேனேஜர் மணவாளன் காலையில்தான் பென் டிரைவில் பட்டியலைக் கொடுத்தார். அதில் பூஜ்யம் போட்ட பெயர்கள் மட்டும் சாம்பல் நிறத்தில், குறுக்கே கோட்டோடு வர வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பத்து மணிக்குள் முடித்தால் அவன் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இன்றோடு சரி.

"இன்னாபா, மூஞ்சி இப்பிடி கீது?"

"கலர் உள்ள போகமாட்டேங்குதுக்கா. மேல இருக்கிற துறைக்குப் போட்டா வருது. மூணாவது அடுக்குல இருக்கிற பேருக்கு வரல."

அக்கா சிரித்தாள். "புதுவாயல்ல எங்க தெருவுக்கு ரேஷன் கார்டு சரிபாக்க ஒருத்தன் வந்தான். தெருவுல நின்னுக்கினே ஊட்ட எண்ணிட்டுப் பூட்டான். உள்ள எத்தினி பேருன்னு கேக்கவே இல்ல. உன் கம்ப்யூட்டரும் அந்த மாதிரி ஆளா?"

அன்புராஜ் அவளையே பார்த்தான்.

"அக்கா! அதேதான்!"

அவன் எழுதியது துறைகளை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிளைக்குள்ளும் நுழைந்து அதே வேலையை மறுபடி செய் என்று நாலு வரி சேர்த்தான். ஓடவிட்டான். கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

சாம்பல். கோடு. சாம்பல். கோடு.

"வந்துடுச்சு! ஓடி வாங்கக்கா!" துள்ளி எழுந்ததில் நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் இடித்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வந்துடுச்சுபா."

"நீங்க இல்லேன்னா வந்திருக்காது! சோதிச்சுப் பார்த்தவங்க கையெழுத்து வேணும்க்கா. இந்தத் தாள்ல போடுங்க."

நிதானமாகப் போட்டாள். அதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது. அன்புராஜ் பாய்ந்து எடுத்தான்.

"சார், முடிஞ்சுது சார்! மூணாவது அடுக்கு வரைக்கும் பளிச்சுன்னு வருது சார்!"

"வெரி குட்," என்றார் மணவாளன். "அந்தச் சாம்பல் ஆளுங்களுக்கு ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேலை கிடையாது. சாயந்திரம் நோட்டீஸ் ஒட்டுற வரைக்கும் யார் கண்ணுலயும் காட்டாதே. கையெழுத்துத் தாளை எடுத்துக்கிட்டு மேல வா. உன் கம்பெனிக்கு நானே பேசுறேன். நீ இனிமே பர்மனென்ட்."

தாளை எடுத்தான். வாசல் வரை போனவன் நின்றான். தொழிற்சாலையில் எல்லோரும் அக்கா என்றார்கள், அவனும் அக்கா என்றான். பெயர் கேட்கத் தோன்றவில்லை. தாளில் இப்போதுதான் படித்தான்: க. குணசுந்தரி.

திரும்பித் திரையைப் பார்த்தான். பதிவறைப் பிரிவு திறந்திருந்தது. அதன் கீழே சாம்பலாக இருந்தது ஒரே பெயர். க. குணசுந்தரி.

அவள் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோட்ட மட்டும் கொஞ்சம் மெலிசா போடுபா," என்றாள். "பேரு படிக்கிற மாதிரியாவது இருக்கட்டும்."