சேமிக்காத வரி

பிற்பகல் மூன்று மணி. அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையின் மாடியில், ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் இருக்கும் இணையதளத்தின் சர்வர் முன்னால் பானுப்ரியா உட்கார்ந்திருக்கிறாள். காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து தளம் யாருக்கும் திறக்கவில்லை. கீழே இரும்பைச் சீவும் அதிர்வில் டீ டம்ளர் நடுங்குகிறது. டீயில் ஆடை படிந்துவிட்டது. போனில், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நஸ்ருல்லா. "பக்கம் இன்னும் சுத்திக்கிட்டேதாம்மா இருக்கு. மக பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேக்குறாங்க." "லைன்லயே இருங்க பாய், பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." சர்வருக்குள்ளிருந்து கேட்டால் பக்கம் உடனே வருகிறது. வெளியிலிருந்து வந்தவர்களின் பதிவில் மட்டும் காலை ஒன்பதேகாலுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் காவலுக்கு நிற்கும் ஃபயர்வால்தான் எல்லாரையும் தடுக்கிறது. அதன் விதிகளைப் படிக்கிறாள். எரியும் கண்களைப் புறங்கையால் தேய்த்துவிட்டு மறுபடியும் படிக்கிறாள். வெளியாட்களை உள்ளே விடும் வரியைக் காணோம். போன வாரம் அவளே எழுதியது. சேமிக்காமல் எழுந்து போயிருக்கிறாள், சர்வர் ஓடும்வரை வேலை செய்த வரி, காலையில் அது அணைந்ததும் அழிந்துவிட்டது. அதைத் திரும்ப அடித்து, இந்த முறை சேமிக்கிறாள். பதிவில் ஒரு வரி ஏறுகிறது, பிறகு நாலு, பிறகு திரை நிற்காமல் ஓடுகிறது. "வந்துருச்சும்மா. கே.கே. நகர்ல ஒருத்தர் இருக்காரு, அவருக்குப் போன் போடுறேன்." "தப்பு என்னோடதுதான் பாய்" என்று அவள் சொல்வதற்குள் லைன் அறுந்துவிடுகிறது. காலையிலிருந்து இன்னும் எத்தனை பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை.