சினிமா நர்ஸ்

அந்தப் படத்தில் வரும் நர்ஸ், படுக்கையில் கிடக்கும் கிழவரை விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறாள். படம் வந்த நாளிலிருந்து, பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நர்ஸுக்கு அந்த வீட்டில் மரியாதை கெட்டது. மருமகள் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தெருவில் போனால் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டது.

மகன் மட்டும்தான் ஆறுதல் சொன்னார். "சினிமாக்காரனுக்கு என்ன தெரியும் சிஸ்டர்? மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாலையில் மருந்து வாங்கப் போனவள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேவிட்டாள். "என்னைப் பாத்தா கொலைகாரி மாதிரியாம்மா இருக்கு?"

"தப்பா எடுத்துக்காதம்மா. நாங்க தியேட்டர் பக்கம் போயே வருஷக்கணக்காச்சு. உங்க சார்தான் டிக்கெட் எடுத்துக் குடுத்து தெருவையே அனுப்பி வெச்சாரு. 'பாத்துட்டு வாங்க, எங்க வீட்டு நர்ஸை நெனச்சா பயமா இருக்கு'ன்னாரு."

அவள் மருந்தைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

பெரியவரின் அறை வாசலில் மகன் டம்ளரோடு நின்றிருந்தார்.

"இன்னிக்கு பால் நானே கலந்துட்டேன் சிஸ்டர். நீங்க உங்க கையால அப்பாவுக்குக் குடுத்துடுங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு டம்ளரை அவரிடமே நீட்டினாள்.

"சூடு சரியா இருக்கான்னு நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்."

மகன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.