அவியாத பலகை

சருவத்தில் தண்ணீர் கொதிக்கிறது. உள்ளே பலகை.

கிழங்கு அவிக்கிற சருவம். கிழங்குக்கு உப்புப் போடுவதுபோல் பலகைக்கும் போட்டிருக்கிறான். கடல் என்று அது நம்பட்டும்.

அவன் மனைவி விறகைத் தள்ளிவிட்டாள்.

இந்தக் கரையில் பிளைவுட்டில் அடித்திருக்கும் முத்திரையை யாரும் நம்புவதில்லை. உள்ளங்கை அளவு துண்டு வாங்கிவந்து அவிப்பார்கள். அடுக்கு விரியாவிட்டால் வள்ளத்துக்கு. விரிந்தால் அடுப்புக்கு.

முதல் மூன்று துண்டும் அடுப்புக்குப் போயின. அவனே பார்த்துப் பார்த்து மட்டமாக வாங்கியவை.

இது வேறு. தம்பி கைகாட்டிய மார்த்தாண்டம் கடை. அங்கே மேசைமேல் கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் ஒரு பிளைவுட் துண்டு. அதைச் சுற்றித் தங்கமீன்கள்.

"மூணு வருசமா கெடக்குண்ணே," என்றார் கடைக்காரர். "மீனு ரெண்டு தடவ செத்து, புதுசு வாங்கி விட்டாச்சு. பலகைய மாத்தல."

அவன் ஓரத்தை நகத்தால் நெருடினான். தட்டிப் பார்த்தான். உள்ளே எங்கும் பொள்ளல் இல்லை. வேறு ஏதாவது குறை? அதுவும் இல்லை.

அவன் முகம் வாடிப்போயிற்று. சரக்கு நன்றாக இருக்கிறது என்று வாடுகிற ஆளை அந்தக் கடைக்காரர் பார்த்ததில்லை.

அவன் வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. பெயர் புனித யூதா ததேயு. கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பாதுகாவலர். புது வள்ளத்துக்கு வைத்த பெயர். முன்யோசனை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடிப்பலகை மாற்றினால் போதும் என்று ஊரே சொல்கிறது.

ஊர் உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். வள்ளத்துக்கு விலா எலும்பு மாதிரி நிற்கிற வங்குக்கட்டைகளை அழுத்தினான். பெருவிரல் கிறிஸ்மஸ் கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது.

எல்லாக் கட்டையிலும் இறங்கியது.

நகத்துக்கடியில் கறுப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை.

கேக்கில் ஆணி நிற்காது. எவ்வளவு நல்ல பலகை என்றாலும்.

நல்ல பலகை கிடைத்துவிட்டால் மறுநாளே ஆசாரி வருவார். பழையதைப் பெயர்ப்பார். உள்ளே பார்ப்பார். அதோடு வள்ளம் முடிந்தது. பிறகு தம்பியின் விசைப்படகில் கூலிக்கு ஏறவேண்டும்.

தம்பி நல்லவன். முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லமாட்டான். உட்கார நல்ல இடம் கொடுப்பான். "அண்ணன் கயிறு இழுக்காண்டாம், நாங்க இழுக்கோம்," என்பான்.

அதுதான்.

பக்கத்து வீட்டு ரெஜினா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"என்ன மைனி, இன்னைக்கும் பலகைக் கறியா?"

"வாட்டி, ஒனக்கும் ஒரு துண்டு வைக்கேன்."

"எனக்கு முள்ளு இல்லாம பாத்து வையுங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்துக்கு வந்தது. மருந்துக்கடை வாசனை.

அவன் குனிந்து பார்த்தான். முந்தின துண்டெல்லாம் இந்நேரம் புத்தகம்போல விரிந்திருந்தன. இது வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தது.

இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டான்.

"போதும்," என்றாள்.

கரண்டியால் பலகையைத் தூக்கித் தரையில் போட்டாள். ஆறவிட்டாள். பிறகு எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

நான்கு ஓரமும் சுத்தம். கடையில் எப்படி இருந்ததோ அப்படி.

ஓரம் நெடுக மெல்லப் பெருவிரலை ஓட்டினாள்.

அவள் நகத்துக்கடியிலும் அதே கறுப்பு இருந்தது.

அவன் தன் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

அவள் பலகையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இந்த மூலையில லேசா விரியுதோ?"

மூலை விரியவில்லை.

"ஆமா," என்றான். "நாளைக்கு தக்கலையில போய்ப் பாக்கேன்."

"பாருங்க."

அவள் சருவத்தைக் கழுவினாள். புதுத் தண்ணீர் ஊற்றிக் கிழங்கைப் போட்டாள். பலகையை அடுப்புக்குள் தள்ளினாள்.

அது எரியவும் மாட்டேன் என்றது.