பூச்சு விரிசல்

ரத்தினபாயை நன்றி கெட்டவள் என்று சபையில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கணவன் இறந்து, மகள் ஜெரூஷாவோடு நின்றவளுக்குப் பம்மலில் தன் கீழ்வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர் சத்தியநாதன். கட்டட இன்ஜினியர், சபைக் கமிட்டி மெம்பர். அவர் கட்டிய வீட்டையே குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

குறை இதுதான். போன மாதம் மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்தார். அதைத் தாங்கும் இரும்பு கர்டரின் ஒரு முனை, ரத்தினபாய் வீட்டில் நடுவே ஓட்டையுள்ள ஹாலோ பிளாக் கற்களால் கட்டிய சுவரின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த முனையிலிருந்து ஒரு விரிசல், கல்லுக்குக் கல் படிக்கட்டு போல இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில்தான் ஜெரூஷாவின் கட்டில்.

சத்தியநாதன் கோபப்படவில்லை. பொறுமையாகவே விளக்கினார்.

"கர்டருக்குக் கீழ கல்லோட ஓட்டையெல்லாம் காங்கிரீட்டால ரொப்பி, அதுக்கு மேல கனமா காங்கிரீட் பெட் போட்டிருக்கும்மா. வெயிட் ஒரே இடத்துல குத்தாது, செவுரு பூரா பரவி இறங்கிடும். இது வெறும் பூச்சு விரிசல்."

"கட்டில் மேல தினமும் காரை உதிருது சார்."

"பூச்சுன்னா உதிரத்தாம்மா செய்யும்."

மேடவாக்கம் வரை அலைந்தும் அவள் வசதிக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. இவ்வளவு படித்தவர் பொய்யா சொல்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் அவள் வீட்டில். உள்ளே ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தும், சத்தியநாதன் மனைவியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஓனருக்கு எவ்வளவு தாழ்மை என்று எல்லோரும் மெச்சினார்கள். ரத்தினபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவரே ஜெபம் பண்ணினார். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரியோட மனசுல இருக்கிற தேவையில்லாத பயத்தை எடுத்துப்போடும்..."

அப்போது அவர் மகள் ஈவ்லின் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவைத் தாண்டி உள்ளே போய், கட்டிலில் ஜெரூஷாவின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஜெபம் பாதியில் நின்றது.

"ஈவ்லின், அந்தக் கர்டருக்குக் கீழ உக்காராதம்மா. வாசலுக்கு வந்துடு."