எட்ட நின்று எடுக்க ஒரு கெமரா

இலங்கையில் சண்டை முடிந்த மறு வருடம் அது. காத்தான்குடியில் ஹமீடின் கெமராக் கடைக்குள் பக்கத்து ஊரான ஆரையம்பதிப் பெண்ணொருத்தி மகள் பிரஷாந்தியோடு நுழைந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"தம்பி, எட்ட நிண்டு எடுக்கிற கெமரா இருக்கா?"

ஹமீட் நீள ஸூம் கெமரா ஒன்றை எடுத்து வைத்தான்.

"வாவிக்கரையில கொக்கு எடுக்கவா அக்கா?"

"இல்ல, கலியாணம் எடுக்க."

"அதுக்கு ஏன் இவ்வளவு ஸூம்? மணவறைக்குக் கிட்டப் போய் எடுக்கலாமே."

"எனக்குக் கடைசி வரிசையிலதான் இடம். அங்க இருந்து பொண்ணுட முகம் வடிவாத் தெரியணும்."

சொந்தத்துக்குள் ஏதோ மனத்தாங்கலாக்கும் என்று ஹமீட் நினைத்துக்கொண்டான்.

"யாருட கலியாணம்?"

"இவட." அவள் மகளைக் காட்டினாள். "இவட அப்பாவக் கடல் கொண்டுபோயிட்டு, சுனாமியில. தாலி இல்லாதவ மணவறைக்குக் கிட்ட நிக்கப்படாது தம்பி."

பிரஷாந்தி கெமராவை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள்.

"ஸூமே இல்லாத கெமரா ஒண்டு தாங்க ஹமீட் நானா. அதால எடுக்கிறதெண்டா அம்மா எனக்குக் கிட்ட வரத்தானே வேணும்."