ஒரு ஃபைல் குறையுது

"இந்தத் தடவையும் சரியா வரலை, தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஃபிளாப்பிக்காக அடிக்கடி வரும் ‘ஃபிளாப்பி சார்’ கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் வந்தார். "ஃபைலைக் காணோம்னு ஸ்கிரீன்ல வருது. அதோட நின்னுடுது."

"அப்படியா சார்? அடடா, முதல்ல உட்காருங்க." மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

அடடா என்றானே, அது சுத்த நடிப்பு. ஃபைல் இல்லாததற்குக் காரணமே அவன்தான்.

சார் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்கை அதன் மதர்போர்டுக்கு அடையாளம் தெரியவில்லை. போர்டில் இருக்கும் பயாஸை, அதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை புரோகிராமைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். அதற்கு ஒரு ஃபிளாப்பி போதும். கம்ப்யூட்டரை அந்த ஃபிளாப்பியிலிருந்தே கிளப்பி, அதில் இருக்கிற பயாஸ் ஃபைலை போர்டுக்குள் ஏற்ற வேண்டும். அந்த ஃபிளாப்பியைத் தயார் செய்வது மெக்கானிக்குக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரும்.

முதல் தடவை அந்த ஃபைலைப் போட உண்மையாகவே மறந்துவிட்டான். சார் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்துக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தார். போகும்போது, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மனைவி போன பிறகு அவனிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே படுக்கை, இங்கே பிழைப்பு. வருகிறவர்கள் கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்களே தவிர, அவனுக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஒரு நாதி இல்லை.

இரண்டாவது தடவை அவன் மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டான். ஃபைல் இல்லையென்றால் புரோகிராம் தானாக நின்றுவிடும், போர்டுக்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்கு ஒரு சமாதானம். காசும் வாங்கிக்கொள்வதில்லை. போகப் போக அதுவே பழக்கமாகிவிட்டது.

பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காதான் ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, நேத்து யாரோ ஒருத்தருக்கு இதே ஃபிளாப்பியை நின்ன நிலையில போட்டுக் குடுத்தே. இந்த மனுஷனை மட்டும் ஏன் இப்படி அலைய விடறே? பாவம், முட்டி வலியோட நடையா நடக்கிறார்."

"ஃபிளாப்பி எல்லாம் இப்ப மட்டமா வருதுக்கா."

"ஃபிளாப்பி மட்டமா, நீ மட்டமா?"

அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். சரியான ஃபிளாப்பியைக் கொடுத்தால் சார் வருவது அன்றோடு நின்றுவிடும். இதை எப்படி வாயைத் திறந்து சொல்வது?

அப்புறம் ஒரு மழை நாளில், ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு இறங்கும்போது கடைப் படியில் சாருக்குக் கால் வழுக்கிவிட்டது. அக்கா ஓடிவந்து தூக்கிவிட்டாள். அவன் ஒரு வண்டியைப் பிடித்து ஏற்றி அனுப்பினான்.

அதற்குப் பிறகு சார் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

"இப்ப திருப்திதானே?" என்றாள் அக்கா.

அவன் கையிலிருந்த வேலையை ஒதுக்கி வைத்தான். புது ஃபிளாப்பி ஒன்றை எடுத்து ஃபார்மேட் செய்தான். எல்லா ஃபைலையும் ஏற்றினான். தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான், சமர்த்தாகக் கிளம்பியது. இதைக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்தேதான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடையைப் பூட்டினான்.

சார் வீட்டுக் கதவு திறந்ததும் ஒரே கூச்சல். மகன்கள், மருமகள்கள், சோபாவில் ஏறிக் குதிக்கிற குழந்தைகள். நடுவே காலில் கட்டுடன் சார் சாய்ந்திருந்தார். இவ்வளவு கலகலப்பை விட்டுவிட்டா தன் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்?

"அட, வாங்க தம்பி. கால் நல்லாத்தான் இருக்கு. டாக்டர்தான் நடக்கக் கூடாதுங்கிறார்."

அவன் நின்றபடியே ஃபிளாப்பியை நீட்டினான்.

"சார், இதுல எல்லாம் இருக்கு. இத்தனை நாளா நான்தான்... வேணும்னே ஒரு ஃபைலைப் போடாம குடுத்தேன். உங்களை அலைய விட்டேன். மன்னிச்சுடுங்க."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சின்ன மகன்தான் சிரித்தான்.

"அண்ணே, அந்த வேலை ரெண்டாவது ஃபிளாப்பியிலேயே முடிஞ்சு போச்சு. விட்டுப்போன ஃபைலை நானே நெட்ல எடுத்துப் போட்டுட்டேன். பாருங்க, புது டிஸ்க் ஓடிக்கிட்டிருக்கு. அப்பாதான் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டார்."

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்புறம் எதுக்கு சார் வந்தீங்க, இந்த முட்டியை வச்சுக்கிட்டு?"

சார் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீங்க கை தேர்ந்த ஆளு. ஒரு வேலையை வேணும்னே பாதியில விட்டு அனுப்பினா, மறுபடி வாங்கன்னு கூப்பிடறீங்கன்னுதானே அர்த்தம்? கூப்பிட்ட பிறகு எப்படித் தம்பி வராம இருக்கிறது?"