பழப்பெட்டி அலமாரி

2024 ஜூலை 13, சனிக்கிழமை, காலை பத்து மணி. ஏற்காட்டில் மூடுபனியோடு தூறல். தங்கள் எஸ்டேட் வீட்டைப் பார்க்க மேனேஜர் வருகிறார் என்ற தோட்டத் தொழிலாளி சின்னத்தம்பி, "ஒண்ணையும் தொடாதே மலரு, கெடக்கறபடி கெடக்கட்டும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவரை அழைத்துவரப் போனான்.

மலரை வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று பிள்ளைகளின் துணியும் புத்தகமும் அந்த ஒற்றை அறையில் கால் வைக்க இடம் விடவில்லை. இதையா வெளியாள் பார்ப்பது? ஆரஞ்சுப் பழப்பெட்டிகளை அடுக்கி, ஆணியடித்து, பிள்ளைக்கு ஒரு தட்டாக அலமாரி ஆக்கினாள். எஞ்சியதைக் கட்டிலடியில் தள்ளினாள்.

மேனேஜர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அடேயப்பா! நீயே செஞ்சியாம்மா?"

"ஆமாங்க" என்ற மலர் கணவனைப் பெருமிதத்தோடு பார்த்தாள். அவன் தலை தொங்கியிருந்தது.

"இடம் தாராளமா இருக்கேப்பா. புள்ளைங்க படுக்கவே இடமில்லைன்னு ரெண்டு ரூம் வீடு கேட்டு மனு போட்டியே?" என்றார் மேனேஜர்.

மலருக்கு முகம் வெளிறியது. "ஏனுங்க, எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"கெடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன், மலரு."

மேனேஜர் மனுவின்மேல் 'தேவையில்லை' என்றெழுதிக் கையெழுத்திட்டு, பாராட்டும் முகத்தோடு அதை மலரின் கையிலேயே கொடுத்தார்.